பதினாலாம் நம்பர்

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

உடம்பு நடமாடுகிறது, வேலைக்குப் போகிறேன், பசித்தால் சாப்பிடுகிறேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். போனில் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டீர்கள், நான் எடுக்கவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம். போனில் பேசினால் நடுவில் அழுகை வந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். கடிதம் என்றால் பேனாவை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, விட்ட இடத்தில் இருந்து எழுதலாம். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

முதலில் உங்கள் அம்மா வந்த விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கிவிட்டது. டீ போட்டுக் கொடுத்தேன். இருவரும் டம்ளரையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்புறம் சொன்னார்கள்.

"சம்பந்தி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவனுக்கு முப்பத்திரண்டு முடியப் போகுது. வேற ஒரு பொண்ணு பாக்கலாம்னு அவன்கிட்ட சொன்னா, 'அத்தை சரின்னு சொல்லட்டும், அதுவரைக்கும் இந்தப் பேச்சே எடுக்காதே'ங்கறான். நீங்க அந்த ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. "டீ ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தரட்டுமா" என்று கேட்டேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். யாரோ சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாப்பா போய் நாலு மாதம்தான் ஆகிறது. பெற்று வளர்த்து உங்களுக்குக் கட்டிக் கொடுத்த பெண் நாலு நாள் காய்ச்சலில் போய்விடுவாள் என்று என் வயிறு இன்னும் நம்பவில்லை. அந்த வார்த்தை என்னிடம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, பாப்பாவின் இங்கிலீஷ் வகுப்பு. வெளிநாட்டில் உங்களிடம் வந்து சேர விசாவுக்கான அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டும் என்று சாயங்காலம் சாயங்காலம் போனாளே, அது. அவளுடைய நோட்டு அங்கேயே மேசைக்குள் கிடக்கிறது என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். வேலை விட்டதும் போனேன். சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். அவர்கள் போன பிறகு ஆறு மணிக்குப் பெரியவர்கள் வந்து அந்தக் குட்டி பெஞ்சுகளில் உட்காருகிறார்கள். முழங்கால் தாடையில் இடிக்கிறது. சுவரில் யானை, ஆப்பிள், குடை படங்கள்.

பாப்பாவின் இடம் ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்சு. நோட்டை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் மிஸ் ரெஜிஸ்டரைத் திறந்துவிட்டார். நடுவில் எழுந்து போக எனக்கு வெட்கம். உட்கார்ந்துவிட்டேன். அங்கே பேர் கிடையாது, நம்பர்தான். பன்னிரண்டு, பிரசன்ட் மிஸ். பதிமூன்று, பிரசன்ட் மிஸ். பதினாலு.

ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஒரு துணி ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "பிரசன்ட் மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை. மிஸ் தலை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பேனாவால் ஒரு குறி போட்டார். வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "நாலு மாசமா அந்த நம்பரைக் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்மா. ரெஜிஸ்டர்ல அதை அடிச்சுடணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. கை வரல" என்றார்.

"அடிக்காதீங்க மிஸ். நான் வந்து உக்காந்துக்கறேன்" என்றேன்.

நாளையில் இருந்து போகிறேன். உங்களிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம் என்று எழுதினேன்.

அத்தை


மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சட்டை தொட்டிக்குள் போகப் பார்த்தது. சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

அம்மா உங்கள் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அம்மாவை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் என் பாரத்தைத் தூக்கி உங்கள் தலையில் வைத்திருக்கிறேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான் அத்தை. நீங்கள் சரி என்று சொல்லாமல் நான் எதற்கும் தலையாட்ட மாட்டேன். அவசரமும் இல்லை.

நீங்கள் வகுப்புக்குப் போவது எனக்குச் சந்தோஷம். இங்கே எனக்கும் பேர் கிடையாது. நாலாம் மெஷின் என்றுதான் கூப்பிடுவார்கள். விடுதிகளில் இருந்து வருகிற படுக்கை விரிப்புகள்தான் நாள் முழுக்க. எல்லாம் வெள்ளை. நீராவி எழும்பினால் எதிரில் நிற்கிறவர் முகம் மறைந்துபோகும். அப்போது சில சமயம், விரிப்பின் அந்த முனையை யாரோ பிடித்துக்கொண்டு மடிக்க உதவுவது போல இருக்கும். நீராவி விலகினால் வெறும் கம்பி.

வீடு முழுக்க இங்கிலீஷ் வார்த்தைகள் எழுதி ஒட்டியிருப்பதாகச் சொன்னாளே, அவை இன்னும் இருக்கின்றனவா? படித்ததை எனக்கு எழுதுங்கள். அவளும் எழுதுவாள். நன்றாகச் சாப்பிடுங்கள். பசித்தால் மட்டும் போதாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

அட்டைகள் இருக்கின்றன. ஆனால் அதில் ஒரு கூத்து நடந்தது, சொல்கிறேன்.

நான் நோட்டுத் தைக்கிற கூடத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். தாளை மடித்து, நடுவில் தைத்து, நீல அட்டை ஒட்டி, ஓரம் வெட்டுவோம். வெட்டிய அட்டைத் துண்டுகளைப் பாப்பா வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவளும் எட்டாம் வகுப்போடு அங்கே வந்தவள்தானே. நான்தான் நிறுத்தினேன். அவள் அப்பா போன வருஷம் அது, எனக்கு ஒரு கை போதவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. தைக்கிற நோட்டுகளில் ஒன்றைத் திறந்து மோந்து பார்ப்பாள், மூடிவிடுவாள். அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

அந்தத் துண்டுகளில் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை எழுதி, கூடத்துப் பசையால் வீட்டுச் சாமான்களில் ஒட்டினாள். மொத்தம் இருபத்து மூன்று. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஒட்டுவாள், நான் வந்து பார்க்கும்போது ஒன்று கூடியிருக்கும். நான் ஒன்றையும் படித்ததில்லை. எனக்கு அது எறும்பு வரிசை.

போன மாதம் வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். நான் வேலையில் இருந்து வருவதற்குள் சுவர், கதவு, அலமாரி எல்லாம் சுரண்டி, துடைத்து, அட்டைகளைக் குவித்து மூலையில் வைத்திருந்தார்கள். "குப்பைன்னு நெனச்சோம். ஆனா எழுத்து அழகா இருந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல" என்றான் ஒருவன். அவன் நல்லா இருக்க வேண்டும்.

மறுநாள் லீவு போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஒட்டினேன். எது எதில் இருந்தது என்று கைக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீளமான வார்த்தை பெரிய சாமானுக்கு, குட்டி வார்த்தை குட்டிச் சாமானுக்கு என்று ஒரு கணக்கு. இப்போது தினமும் வேலை விட்டு வந்து ஒரு சாமான் முன்னால் உட்கார்ந்து, அதன் படத்தை நோட்டில் போட்டு, அட்டையில் இருப்பதைப் பார்த்துக் கீழே எழுதுகிறேன். இருபது வருஷமாக நோட்டுத் தைக்கிறேன், ஒன்றில் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோடு கோணாமல் எழுத்தைத் தாங்கிக்கொள்கிறது. நல்ல நோட்டுதான் தைக்கிறோம்.

வகுப்பில் "ஓப்பன் யுவர் புக்" என்றால் திறக்க வேண்டும், "குளோஸ்" என்றால் மூட வேண்டும். முப்பது பேரும் ஒரே நேரத்தில் மூடும்போது புறாக் கூட்டம் எழும்புவது போலச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அந்த முப்பதில் ஒரு சத்தம் பாப்பாவுடையது என்று தோன்றும். எனக்கு முன் பெஞ்சில் ஒரு சமையல்காரர். கப்பலில் வேலைக்குப் போகப் படிக்கிறார். பீடி குடிக்க "மே ஐ கோ அவுட்" கேட்டுக்கொண்டே இருப்பார். மிஸ் நேற்றுக் கேட்டார், "ஐயா, கப்பல்லயும் இப்படி அடிக்கடி வெளியே போகட்டுமான்னு கேட்டீங்கன்னா, எங்க போவீங்க?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன்.

தினமும் பதினாலு என்று கூப்பிடுகிறார். தினமும் பிரசன்ட் சொல்கிறேன். அதைச் சொல்லும் நேரம் மட்டும் நெஞ்சு லேசாக இருக்கிறது.

உங்கள் அம்மா கேட்டதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை.

அத்தை


ஏப்ரல் 26

அன்புள்ள அத்தைக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மறைத்தால் அது இன்னும் பெரிய தப்பு.

அம்மா ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார். மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். நான் வேண்டாம் என்றேன். அம்மா ஒரே ஒரு தடவை பேசு என்று அந்தப் பெண்ணிடமே போனைக் கொடுத்துவிட்டார். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள். "அவங்க எப்படிச் சிரிப்பாங்க?"

கல்யாணம் ஆகி லீவில் நாற்பது நாள் இருந்தேன். அப்புறம் எல்லாம் போனில்தான். நாற்பது நாள் பார்த்தவளின் சிரிப்பை யாருக்காவது சொல்லிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. இங்கே கூட வேலை செய்கிறவர்கள் என் தோளைத் தட்டும்போது, எனக்கு இவ்வளவு துக்கப்பட உரிமை இருக்கிறதா என்று சில சமயம் வெட்கமாக இருக்கும். மற்ற சமயம், இந்த நாற்பது நாளைக் கொண்டே மீதி வருஷங்களை ஓட்ட முடியுமா என்று பயமாக இருக்கும். அறைக்குத் திரும்பினால் நாற்காலி, கட்டில், விளக்கு. எதுவும் என்னைப் பார்ப்பதில்லை.

அந்தப் பெண்ணும் அதே பரீட்சை எழுதித்தான் வர வேண்டியிருக்கும். அவர்கள் வீட்டில் ஜூன் முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் பங்குக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துணை வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் உங்கள் வாயில் இருந்து சரி என்று வராமல் எதுவும் நடக்காது. வராவிட்டாலும் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இருக்காது. இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை


மே 12

மாப்பிள்ளைக்கு,

வகுப்பில் போன வாரம் பரீட்சை வைத்தார்கள். ஒரு தாளில் படங்கள். கீழே வார்த்தை எழுத வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும் என்று எல்லாரையும்விட முதலில் எழுதிக் கொடுத்தேன்.

மிஸ் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அம்மா, எழுத்து ஒண்ணுகூடத் தப்பில்ல. ஆனா எல்லாமே வேற வேற எடத்துல இருக்கே" என்றார்.

கதவுப் படத்துக்குக் கீழே கடிகாரம் என்று எழுதியிருக்கிறேன். கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சு. ஜன்னலுக்குக் கீழே மேசை. சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க மிஸ். எழுத்தெல்லாம் வீடு மாறிக் குடி போயிருக்கு" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. பாப்பா ஒட்டியது எல்லாம் சரி. நான் திரும்ப ஒட்டியதில் எல்லாம் இடம் மாறிவிட்டது. மாதக்கணக்காகத் தப்பான வீட்டுக்குள் இருந்து படித்திருக்கிறேன். மிஸ் வீட்டுக்கு வந்து மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எது எங்கே இருந்தது என்று பாப்பாவுக்குத்தான் தெரியும். அவள் வீட்டில் இருக்கிற சாமானுக்கு மட்டும் ஒட்டவில்லை. வீட்டில் இல்லாத சாமானுக்கும் அட்டை எழுதியிருக்கிறாள். பெல் என்று ஒன்று இருக்கிறதாம். எங்கள் வீட்டில் மணி ஏது? பெஞ்சு ஏது? எதைப் பெஞ்சு என்று நினைத்து ஒட்டினாள்? யாரைக் கேட்பது? அதனால் அப்படியே இருக்கட்டும். கதவுக்குப் பேர் கடிகாரமாகவே இருக்கட்டும். திறந்தால் நேரம் உள்ளே வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் நாற்பது நாள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருபத்தாறு வருஷம். நான் எண்ணவில்லை. அவள் எப்படிச் சிரிப்பாள் என்று ஒரு மருந்துக்கடைப் பெண் கேட்டால் நான் ஏன் சொல்ல வேண்டும்? நீங்கள் வேறு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டால், அவள் பேரைச் சொல்லி எனக்குக் கடிதம் போட இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அதையும் எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். பதினாலாம் நம்பர் பிரசன்ட்.

அத்தை


மே 30

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த விஷயம் இத்தோடு முடிந்தது, இனி எழுத மாட்டேன். நான் நாலாம் மெஷினிலேயே இருக்கிறேன். நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

அட்டைகளைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். எது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் எனக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் மதியத்தோடு வேலை முடிந்துவிடும், நீங்கள் கூடத்தில் இருப்பீர்கள். போன் போடுவாள். "பாடம் ஒப்பிக்கறேன், சரியான்னு சொல்லுங்க" என்பாள். வாசலில் தொடங்கி வலது கைப்பக்கமாக வீட்டைச் சுற்றி வருவாள். வார்த்தையைச் சொல்லிக்கொண்டே அந்தச் சாமானை ஒரு தட்டுத் தட்டுவாள். எனக்குச் சத்தம் கேட்கும். டோர் என்றால் மரச் சத்தம், உள்ளே அரித்துக் கூடு விழுந்த மரம் போல. கிளாக் என்றால் தட்ட மாட்டாள், "எட்டல" என்பாள். பெல் என்றால் டிங் என்று கேட்கும், அது பாத்திர மூடி என்று நினைக்கிறேன். பெஞ்சு என்றால் கிறீச். அது உங்கள் கட்டில்தானே? ஒவ்வொரு வாரமும் அதே வரிசை. இங்கே நீராவிக்கு நடுவில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு, நானும் அவளோடு அந்த வீட்டைச் சுற்றி வருவேன். உங்கள் வீட்டில் நான் தங்கியது கொஞ்ச நாள். ஆனால் கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன்.

முழு வரிசையும் இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு வார்த்தைகள்தான் இருக்கும். இருபத்து மூன்றாவது என்னவென்று எனக்குத் தெரியாது. தகர அலமாரிக்கு அப்புறம், ஜன்னலுக்கு முன்னால், ஒரு இடத்தில் நிற்பாள். அங்கே வார்த்தை சொல்ல மாட்டாள், தட்டவும் மாட்டாள். சிரிப்பாள். முதலில் மூக்கால் ஒரு சின்னச் சத்தம், அப்புறம் அடக்கப் பார்ப்பாள், முடியாமல் உடைந்துவிடும். "என்ன அது?" என்று கேட்டால், "அது ரகசியம். அங்க வந்து சொல்றேன்" என்பாள்.

இதை எழுதும்போதுதான் தெரிகிறது. அவள் சிரிப்பு எனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஜூன் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு மூன்று நாள் மடித்தே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, உங்கள் தாளின் பின்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

நீங்கள் எழுதிய மாதிரியே வலது கைப்பக்கமாகச் சுற்றினேன். இப்போது எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும் அல்லவா, ஒவ்வொரு அட்டையாகத் தேடி எடுத்து, ஈரத் துணியால் நனைத்து உரித்து, அதன் இடத்தில் வைத்தேன். வைத்ததும் ஒரு தட்டு. கதவைத் தட்டினால் நீங்கள் சொன்ன அதே சத்தம். இத்தனை வருஷம் திறந்து மூடுகிறேன், அது உள்ளே கூடு விழுந்த மரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் எனக்கும் எட்டவில்லை. கட்டில் கிறீச் என்றது. பாத்திர மூடியைக் கரண்டியால் தட்டிவிட்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றேன். அடுப்பங்கரைச் சுவரில், வெள்ளையடிக்கும் முன்னால் கரி பிடித்திருந்த பக்கம்தான் பிளாக்போர்டு. நான் தினமும் தேய்க்க வேண்டும் என்று திட்டிக்கொண்டிருந்த சுவர். அவள் "அப்படியே இருக்கட்டும்மா" என்று ஏன் சொன்னாள் என்று இப்போது புரிகிறது.

நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் நீங்கள் இரண்டு பேரும் இப்படிச் சுற்றி வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியவே தெரியாது. நாற்பது நாள் என்று குத்தி எழுதினேனே, அதை நீங்கள் அழித்துவிடுங்கள்.

கடைசியில் அட்டை ஒன்றுதான் கையில் மிச்சம். இடமும் ஒன்றுதான் மிச்சம். தகர அலமாரிக்கு அப்புறம், ஜன்னலுக்கு முன்னால். அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? முகம் பார்க்கிற கண்ணாடி. அதில் நான் ஒட்டியிருந்தது குப்பைத் தொட்டி. மூன்று மாதமாகக் குப்பைத் தொட்டி என்று எழுதிய கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். கையில் இருந்த அட்டையை நான் ஒட்டி வைத்திருந்ததோ குப்பைத் தொட்டியின் மேல். எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

ஸ்டூடன்ட்.

மாணவி, மாப்பிள்ளை. எட்டாம் வகுப்பில் நான் நிறுத்திய பெண், இருபத்தாறு வயதில் கண்ணாடி முன்னால் நின்று, தன் முகத்துக்கு அந்தப் பேரை ஒட்டிவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறாள். அதுதான் உங்களிடம் சொல்லாத ரகசியம். அவள் அங்கே வந்து சொல்ல இருந்ததை நான் எழுதிவிட்டேன்.

அட்டையைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். கீழே என் முகம் தெரிந்தது. நரைத்த தலை, ஒரு பக்கம் பசை. எனக்கும் முதலில் மூக்கால்தான் சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் எழுதிய அதே சிரிப்பு. அது என்னிடம் இருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது போல. ரொம்ப நேரம் சிரித்தேன். அப்புறம் மற்றதும் வந்தது. அதுவும் ரொம்ப நேரம்.

நேற்று வகுப்பில் மிஸ் வழக்கம்போல ரெஜிஸ்டரைத் திறந்தார். வெளியே கொடியில் துணி இல்லை, வெறும் கயிறு. பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலு என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே குறி போடப் பேனாவை வைத்துவிட்டார்.

"ஆப்சென்ட் மிஸ்" என்றேன்.

பேனா அப்படியே நின்றது. சமையல்காரர் திரும்பிப் பார்த்தார். பீடிக்காக எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். மிஸ், "சரியாச் சொல்றீங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டார். "சரியாத்தான் மிஸ் சொல்றேன். அவ வரல. நான்தான் வந்திருக்கேன்" என்றேன். மிஸ் குனிந்து அந்த நம்பருக்கு நேரே வேறு குறி போட்டார். அப்புறம் மீதி நம்பரை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, கடைசி வரிக்குக் கீழே ஏதோ எழுதி, "முப்பத்தொண்ணு" என்றார். அது யார் என்று எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை.

பதில் சொன்னேன். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

இத்துடன் ஒரு நோட்டு அனுப்புகிறேன். நானே மடித்து, நானே தைத்தது, ஓரம் பாருங்கள், ஒரு நூல்கூட விலகியிருக்காது. வீட்டில் இருந்து திரும்ப எடுத்த இருபத்திரண்டு அட்டைகளையும் காயவைத்து அதற்குள் வைத்திருக்கிறேன். வரிசை மாறாமல் வைத்திருக்கிறேன், கலைக்க வேண்டாம். நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு, இதை உங்கள் அம்மாவுக்கு அனுப்பி அந்த மருந்துக்கடைப் பெண்ணிடம் சேர்க்கச் சொல்லுங்கள். ஜூன் இன்னும் முடியவில்லை, அவளுக்கும் அதே பரீட்சைதானே. வாசலில் தொடங்கி வலது கைப்பக்கமாக ஒட்டட்டும். தட்டிப் பார்த்துப் படித்தால் மறக்காது. அவள் கேட்டதற்கும் பதில் சொல்லுங்கள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் அடக்கப் பார்ப்பாள் என்று சொல்லுங்கள். யாராக இருந்தாலும் முதல் பேச்சிலேயே அதைக் கேட்கத் தோன்றிய பெண் கெட்டவளாக இருக்க மாட்டாள்.

ஒரு அட்டை குறைகிறதே என்று தேட வேண்டாம். அது என் கண்ணாடியில் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் அவளையே எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த ஒரு வார்த்தை கேட்டீர்கள். இப்போது என்னிடம் இருக்கிறது. சரி.

இனி நீங்கள் எனக்கு என்ன முறை என்று எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று மிஸ்ஸிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். தமிழிலேயே தெரியாததை அவரிடம் போய்க் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன். எழுதத் தோன்றினால் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் எனக்குக் குறை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடிதத்தைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள்.

அத்தை
முப்பத்தொன்றாம் நம்பர், பிரசன்ட்